பலத்த காற்றில் சின்னப் பாய்: எங்கே இழுக்கிறது, எதைச் சரிசெய்வது

மணிக்கு 65 கிலோமீட்டர், அதாவது 35 நாட் வேகத்தில் காற்று அடிக்கும் நாளில், விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் நின்று தண்ணீரில் ஓட்டும் விளையாட்டு) முடித்துக் கரையேறுபவர்களில் பாதிப் பேர் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "பாய் பெரிசு. இன்னும் சின்னதா ஒண்ணு வாங்கணும்." சில சமயம் அது உண்மை. பல சமயம் பாய் மேல் குற்றமே இல்லை. கயிற்றில் இரண்டு சென்டிமீட்டர், பலகைக்கு அடியில் துடுப்பு போல நீட்டியிருக்கும் ஃபினில் பத்து சென்டிமீட்டர், அல்லது அந்தக் காற்றுக்குப் பொருந்தாத ஒரு பெரிய பலகை என்று கோளாறு வேறெங்கோ இருக்கும். பழி பாய்க்குப் போகும்.

அதனால் இங்கே பாயின் அளவிலிருந்து ஆரம்பிக்கவில்லை. உடம்பில் எங்கே வலிக்கிறது, பலகை என்ன செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அடுத்த முறை ஒரு ஓட்டம் முடிந்ததும், மூச்சு வாங்கும் முன்பே உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இழுத்தது பின்கையையா, முன்கையையா? பலகையின் மூக்கு எழும்பியதா, வால் வழுக்கியதா? "எல்லாமே அதிகம்" என்பது பதில் ஆகாது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் எந்தக் கயிற்றைத் தொடுவது என்று தெரியும்.

முதலில் ஒரு கணக்கு. இது புரிந்தால் கீழே வரும் பாதிச் சங்கதி தானாகவே விளங்கிவிடும்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அப்படியானால் 20 நாட் காற்றில் 6.0 சதுர மீட்டர் பாய் பிடிப்பவர் 40 நாட் காற்றில் 1.5 பிடிக்க வேண்டும். யாரும் பிடிப்பதில்லை. 3.0 அல்லது 3.3 தான் பிடிக்கிறார்கள். ஏன்? பாய் உணர்வது நிஜக் காற்றை மட்டும் அல்ல, பலகையின் ஓட்டத்தால் எதிரே வரும் காற்றையும் சேர்த்துத்தான். காற்று இரட்டித்தாலும் மேடு பள்ளமான தண்ணீரில் பலகையின் வேகம் இரட்டிக்காது. காற்றுக்குக் குறுக்கே 20 நாட் காற்றில் 20 நாட் வேகத்தில் ஓடினால் பாய்க்குக் கிடைப்பது சுமார் 28. 40 நாட் காற்றில் 27 நாட் வேகத்தில் ஓடினால் சுமார் 48. விசை நான்கு மடங்கு அல்ல, கிட்டத்தட்ட மூன்று மடங்குதான் ஏறுகிறது. அப்படிப் பார்த்தாலும் 2.0 பாய்தான் வருகிறது. மிச்ச ஒரு சதுர மீட்டரை எப்படித் தாங்குகிறோம்? பாயின் மேல்பகுதி முறுக்கிக்கொண்டு திறந்து, மிகுதிக் காற்றைக் கொட்டிவிடுகிறது. அப்படித் திறக்க வைப்பது டவுன்ஹால், அதாவது பாயைத் தாங்கும் கம்பமான மாஸ்டின் அடியில் பாயைக் கீழே இழுக்கும் கயிறு.

அந்தக் கயிற்றைக் குறைவாக இழுத்திருந்தால் 3.7 பாய் 4.5 போல நடந்துகொள்ளும். அதைப் பார்த்துவிட்டு 3.3 வாங்கினால், அதையும் அரைகுறையாக இழுத்துக் கட்டி, 4.0 போல நடக்க வைப்பீர்கள்.

பின்கை கழன்றுபோகிறது, பூமைப் பிடித்து வைக்க முடியவில்லை

அதிகம் காணும் அறிகுறி இதுதான். (பூம் என்பது பாயைப் பிடிக்கும் குறுக்குக் குழாய்.) வீச்சு, அதாவது காற்றின் திடீர் அடி, வரும்போது பின்கைக்குப் பாரம் திடீரென்று ஏறும். முன்கை வெறுமனே இருக்கும். முழங்கை வலி வரும். பாயைத் திறந்துவிட்டால்தான் தப்பிக்கலாம் என்று தோன்றும். திறந்தால் வேகம் போய்விடும், வேகம் போனதும் பாரம் இன்னும் ஏறும்.

பாயின் வயிறு, அதாவது காற்றில் புடைக்கும் பகுதி, பின்னால் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். டவுன்ஹால் போதாத பாயில் காற்று ஏற ஏற வயிறு ஆழமாகிப் பின்விளிம்பை நோக்கிப் போகும். இழுவையின் மையமும் கூடவே போகும்.

கரைக்கு வந்து, பாயைத் தரையில் படுக்கவைத்து, மேல் பேட்டன்களுக்கு (பாயைக் குறுக்கே விறைப்பாக வைக்கும் குச்சிகள்) இடையே பின்விளிம்பைப் பாருங்கள். சரியாக இழுத்திருந்தால் அந்தப் பகுதி துணி மாதிரி தளர்ந்து அலைபாயும். பலத்த காற்றுக்கான அமைப்பில் இந்தத் தளர்வு விளிம்போடு நிற்காமல், மாஸ்டை நோக்கிக் கணிசமான தூரம் உள்ளே வந்திருக்க வேண்டும். நிறையப் பாய்களில் எதுவரை தளர வேண்டும் என்று குறியே அச்சிட்டிருப்பார்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கு இது அசிங்கமாகத் தெரியும். விறைப்பாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தால்தான் நல்ல பாய் என்று மனசு சொல்லும். அந்த அழகான பாய்தான் தண்ணீரில் கையைப் பிடுங்கும்.

ஒரேயடியாக இழுக்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் இழுத்துப் பார்க்க வேண்டும், போதாவிட்டால் இன்னொன்று. சின்னப் பாயில் ஒரு சென்டிமீட்டருக்கே குணம் மாறும். கையால் இழுத்து வரவில்லை என்றால் கயிற்றை ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பட்டை) கொக்கியில் சுற்றி, மாஸ்ட் அடியில் காலை ஊன்றிச் சாயுங்கள். கப்பி கப்பியோடு முட்டி நின்றுவிட்டது, ஆனால் தளர்வு இன்னும் போதவில்லை என்றால், மாஸ்ட் எக்ஸ்டென்ஷனை (மாஸ்டின் அடியில் பொருத்தும் நீட்டிப்புத் துண்டு) இரண்டு சென்டிமீட்டர் நீட்டிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். பாயின் மேல் அச்சிட்டிருக்கும் முன்விளிம்பு நீளத்திலிருந்து மாஸ்ட் நீளத்தைக் கழித்தால் வருவதுதான் எக்ஸ்டென்ஷன். அதற்கு மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு வைப்பது என் வழக்கம், முட்டிக்கொண்டு நிற்பதைவிட அது மேல்.

டவுன்ஹால் முடிந்த பிறகுதான் அவுட்ஹால். பூமின் பின்முனைக்குப் பாயை இழுக்கும் இந்தக் கயிறு கீழ்ப்பகுதியைத் தட்டையாக்கும். சும்மா நிற்கும்போது பாய் பூமைத் தொடாமலும், வீச்சில் லேசாகத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. வரிசையை மாற்றி முதலில் அவுட்ஹாலை இறுக்கினால் டவுன்ஹால் போதவில்லை என்பதே தெரியாமல் மறைந்துவிடும்.

இதெல்லாம் செய்த பிறகும் பின்கைக்குப் பாரம் இருந்தால் ஹார்னஸ் கொக்கியை மாட்ட பூமில் கட்டியிருக்கும் ஹார்னஸ் கயிறுகள் இரண்டையும் பின்னால் தள்ளுங்கள். விரல் அகலம் போதும். ஹார்னஸில் தொங்கிக்கொண்டு ஒரு கணம் இரண்டு கையின் பிடியையும் தளர்த்தினால் பூம் அப்படியே நிற்க வேண்டும், அதுதான் சோதனை. கயிறுகளை முதலில் நகர்த்திவிட்டுப் பிறகு டவுன்ஹாலை இழுத்தால் திரும்பவும் எல்லாம் மாறிப்போகும், அதனால் இது கடைசி.

இன்னொரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது: மாஸ்ட். எல்லா மாஸ்டும் ஒரே மாதிரி வளைவதில்லை. சில பாய் நிறுவனங்கள் முழுக்கச் சீராக வளையும் மாஸ்டுக்கும், சில மேல்முனை அதிகம் வளையும் மாஸ்டுக்கும், சில மேல்முனை விறைத்த மாஸ்டுக்கும் பாயை வெட்டுகின்றன. விறைத்த மேல்முனை கொண்ட மாஸ்டை இளகிய மேல்முனைக்காக வெட்டிய பாயில் நுழைத்தால், நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் மேலே திறக்காது. இதற்கு நேர்மாறாக நுழைத்தால் மேலே துணி போலத் தொங்கும், கீழே வயிறு அப்படியே இருக்கும். எனக்கு ஒரு முறை பழைய மாஸ்ட் ஒன்று கைமாறி வந்தது. ஒரு பருவம் முழுக்க அந்த 3.7 பாயைத் திட்டித் தீர்த்தேன். நண்பர் ஒருவர் தன் மாஸ்டை மாற்றிப் போட்டுக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் அதே பாய் சாதுவாகிவிட்டது. பாயை விற்றுவிட்டு வேறு தேடலாம் என்று நினைத்திருந்தவன் மாஸ்டை விற்றேன்.

முன்கை முன்னால் இழுபடுகிறது, பாயில் உயிரில்லை

இது மேலே சொன்னதற்கு எதிர்ப்பக்கம். டவுன்ஹாலை அளவுக்கு மீறி இழுத்திருப்பீர்கள், அல்லது அவுட்ஹால் பாயைப் பலகை போலத் தட்டையாக்கியிருக்கும். ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். ஹார்னஸ் கயிறுகளைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள். அவ்வளவுதான்.

இரண்டு கையும் சமமாக இழுபடுகிறது, இருந்தும் தாங்க முடியவில்லை

இப்போது பாய் நிஜமாகவே பெரிது. இங்கே வந்த பிறகு சின்னப் பாய் வாங்குங்கள்.

எவ்வளவு சின்னது? புழக்கத்தில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: உடல் எடையைக் கிலோவில் எடுத்து 1.34 ஆல் பெருக்கி, காற்றின் வேகத்தை நாட் கணக்கில் வைத்து வகுப்பது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 25 நாட் காற்றில் 4.3, 30 நாட் காற்றில் 3.6, 35 நாட் காற்றில் 3.1 சதுர மீட்டர் என்று வரும். 60 கிலோ ஆளுக்கு 30 நாட் காற்றிலேயே 2.7. தேர்ந்த கைகள் இதைவிட அரை சதுர மீட்டர் வரை பெரிதாகப் பிடிப்பார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் பிடிக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கணக்கு எடையைப் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் கட்டிக்கொண்டிருப்பவர் 4.2 கட்டுகிறார் என்று நீங்களும் 4.2 கட்டினால், அவர் உங்களைவிட இருபது கிலோ அதிகமா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

எந்தக் காற்றை வகுத்தியாகப் போடுவது என்பதில்தான் சிக்கல். முன்னறிவிப்பில் வரும் எண் பொதுவாகத் தரைக்கு 10 மீட்டர் உயரத்துக் காற்று. கையில் பிடித்துத் தலைமட்டத்தில் அளந்தால் அதைவிடக் குறைவாகவே காட்டும். இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ளாதீர்கள். கரை மேடோ மரங்களோ மறைக்கும் இடத்தில் நின்று அளந்துவிட்டு 4.2 கட்டி, இருநூறு மீட்டர் உள்ளே போனதும் கையைத் தூக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

வீச்சும் தணிவுமாக அடிக்கும் காற்று இன்னும் கடினம். 22 நாட் காற்று 38 ஆகி மறுபடி 22 ஆகும் நாளில், வீச்சுக்குப் பொருத்தமான பாயைக் கட்டினால் தணிவில் மூழ்குவீர்கள். தணிவுக்குக் கட்டினால் வீச்சில் பறப்பீர்கள். என் தீர்ப்பு: சராசரிக்கும் வீச்சுக்கும் நடுவில், வீச்சுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து கட்டுங்கள். பாயைச் சிறிதாக்கினால் பலகையில் ஐந்து பத்து லிட்டர் கூட்டி ஈடுகட்டுங்கள். தணிவில் உங்களை மிதக்க வைப்பது பலகை.

குளிரும் கணக்கில் உண்டு. 5 டிகிரி காற்று 30 டிகிரி காற்றைவிடக் கிட்டத்தட்ட 9 சதவீதம் அடர்த்தியானது. அதே 30 நாட் குளிர்காலத்தில் கனமாகத் தெரிவது மனப்பிரமை இல்லை.

பாய்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுவது? பெரிய பாய்களில் ஒரு சதுர மீட்டர் இடைவெளி கூடப் பரவாயில்லை. கீழே வர வர நெருக்கமாக்குங்கள். 5.7 இலிருந்து 5.3 க்கு இறங்கினால் குறைவது 7 சதவீதம். அதே 0.4 இறங்கி 3.7 இலிருந்து 3.3 க்கு வந்தால் 11 சதவீதம். 4.7, 4.2, 3.7, 3.3 என்ற வரிசை பெரும்பாலோருக்குப் போதும். பலத்த காற்று வருடத்தில் சில நாள்தான் வருகிறது என்றால் 4.2, 3.5 என்று இரண்டோடு நிறுத்திவிடுங்கள். கனேரித் தீவுகளில் கிரான் கனேரியாவின் போசோ இஸ்கியெர்தோ மாதிரி, கோடையில் நாள் கணக்கில் அடித்துக்கொண்டே இருக்கும் இடத்தில் ஓட்டுபவருக்குத்தான் நான்கும் தேய்ந்துபோகும்.

மூக்கு எழும்புகிறது, பலகை தண்ணீரை விட்டுப் பறக்கிறது

கையில் பாரம் அவ்வளவு இல்லை. ஆனால் வேகம் ஏறியதும் பலகை வாலில் நடக்க ஆரம்பிக்கிறது. முன்பகுதி இடமும் வலமும் ஆடிவிட்டு, அடியில் காற்று புகுந்து அப்படியே கவிழ்கிறது. இதற்கும் பாயைத்தான் பழிப்பார்கள். குற்றவாளிகள் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்.

ஃபினைப் பாருங்கள். 115 லிட்டர் சாதாரணப் பலகையில், அதோடு வந்த 40 சென்டிமீட்டர் ஃபினோடு, மேலே 4.0 பாய். இந்தக் கூட்டணி நடக்காது. பெரிய ஃபின் வேகத்தில் தூக்குவிசை கொடுத்துக்கொண்டே இருக்கும், அதை அடக்கப் பாயில் எடை இல்லை. அதே பலகைக்கு 30 அல்லது அதற்கும் குறைந்த ஃபின் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். புதுப் பாயைவிடக் குறைந்த செலவில் பெரிய மாற்றம் இதுதான். 90 லிட்டர் சுற்றிய ஒற்றை ஃபின் பலகையில் 4.0 பாய்க்கு 22 முதல் 24, 3.5 பாய்க்கு 20 முதல் 22 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து மாஸ்ட் அடி. அது பொருந்தும் ட்ராக்கில் (பலகை மேலுள்ள நீளப் பள்ளம்) ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால் தள்ளினால் மூக்கு தண்ணீரோடு ஒட்டும். முன்னால் போகப் போக ஓட்டம் சற்று மந்தமாகும். இந்தக் காற்றில் மந்தம் ஒரு குறை அல்ல.

பூம் தோள் உயரத்தில் இருக்கட்டும். ரொம்பக் கீழே இறக்கினால் உங்கள் எடை முழுக்கக் காலுக்கும் வாலுக்கும் போகும், மூக்கு லேசாகிவிடும். ரொம்ப மேலே ஏற்றினால் வீச்சில் உங்களை முன்னால் தூக்கி வீசும். சின்னப் பாய்களில் பூமுக்கான வெட்டே குறுகலாக இருப்பதால் அதிகம் விளையாட இடமும் கிடையாது.

இதையெல்லாம்விட ஒரு விஷயம் பெரிது, அதற்குக் காசு தேவையில்லை. பயம் வந்தால் உடம்பு நிமிரும். நிமிர்ந்ததும் ஹார்னஸிலிருந்து எடை விலகிக் காலுக்குப் போகும், மாஸ்ட் அடியில் அழுத்தம் இல்லாமல் மூக்கு கிளம்பும். மூக்கு கிளம்பினால் பயம் கூடும். இந்தச் சுழலை வெட்ட ஒரே வழி, வீச்சு வரும்போது ஹார்னஸில் இன்னும் உட்காருவது. பின்பக்கம் தண்ணீரைத் தொடுமளவு கீழே உட்கார்ந்து, முன்காலை நீட்டி, உங்கள் எடையைப் பூம் வழியாக மாஸ்ட் அடிக்கு அனுப்புங்கள். எழுதுவது சுலபம், செய்யும்போது உடம்பு முழுக்க மறுக்கும்.

கடைசியில் பலகை. 80 கிலோ ஆளுக்கு 35 நாட் காற்றில் 75 முதல் 85 லிட்டர் போதும். எடைக்குச் சமமான லிட்டர், அல்லது சற்றுக் குறைவு என்று நினைவில் வைக்கலாம். லிட்டரைவிட அகலம் முக்கியம். அகலமான வால் சிற்றலை ஒவ்வொன்றையும் உங்கள் முழங்காலுக்கு அனுப்பும். கால்வார்கள் விளிம்பில் இருந்தால் உள்ளே மாற்றுங்கள். பலகை சிறியதானால் நின்றுகொண்டு கயிற்றால் பாயைத் தூக்க முடியாது. வாட்டர்ஸ்டார்ட், அதாவது தண்ணீரில் கிடந்தபடியே பாயில் காற்றைப் பிடித்துப் பலகை மேல் எழுவது, நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும், அது வராமல் இந்தப் பக்கம் வரவே கூடாது. பெரிய பலகையில் 3.7 பாயோடு தவிப்பவர், சின்னப் பலகைக்கு மாறினால் அதே காற்றில் 4.2 பிடிப்பார். நான் பார்த்தவரை இதற்கு விதிவிலக்கு குறைவு.

வால் திடீரென்று வழுக்கி விலகுகிறது

ஃபினைச் சுற்றிக் காற்று புகுந்து பிடி விட்டுவிட்டது. ஃபின் மிகச் சிறியதாக இருக்கலாம். ஆனால் முதலில் ஃபினின் முன்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பாறையில் உரசிய ஒரு சின்ன வெட்டுக் காயம் போதும், அந்த இடத்திலிருந்து காற்று இறங்கும். நுண்ணிய உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துச் சமப்படுத்தினால் பாதிக் கேஸ்கள் தீர்ந்துவிடும். மிச்சம் பின்கால் செய்யும் வேலை. வேகம் வருமுன்பே பின்காலால் ஃபினை உதைத்துக் காற்றுக்கு எதிராக ஏற நினைத்தால் வழுக்கத்தான் செய்யும்.

வழுக்கும் நேரத்தில் பின்காலின் அழுத்தத்தைத் தளர்த்தி, கால்வாரால் வாலைத் தன் அடியில் இழுத்து, எடையை மாஸ்ட் அடிக்கு மாற்றுங்கள். பலகை லேசாகக் காற்றோடு திரும்பியதும் ஃபின் மறுபடி கவ்வும்.

காற்று ஊளையிடுகிறது, பலகை எழவே மாட்டேன் என்கிறது

மணல் பறக்கிறது, கரையில் பேச்சுக் கேட்கவில்லை. இருந்தும் நீங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கிய பலகை மேல் நிற்கிறீர்கள். இதற்கு மூன்று காரணம் உண்டு. ஒன்று, பாயைத் தேவைக்கு மேல் தட்டையாக்கிவிட்டீர்கள். ப்ளேனிங் ஆகும்வரை, அதாவது பலகை தண்ணீர் மேல் எழும்பி வழுக்கி ஓடும்வரை, பாய்க்குக் கொஞ்சம் வயிறு வேண்டும். டவுன்ஹாலைத் தொடாமல் அவுட்ஹாலை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் விட்டுப் பாருங்கள். இரண்டு, கரையோர நிழல்: காற்று வெளியே இருக்கிறது, உங்களிடம் இல்லை. அங்கே பாயைப் பெரிதாக்குவது தப்பு, நடந்தோ நீந்தியோ நிழலைத் தாண்டுங்கள். மூன்று, பயந்து நிஜமாகவே சின்னதாகக் கட்டிவிட்டீர்கள்.

மூன்றாவதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, அதனால் சொல்கிறேன். ரொம்பச் சின்னப் பாய் பாதுகாப்பு அல்ல. கரையில் உடையும் அலையைத் தாண்ட வேகம் வேண்டும், காற்றுக்கு எதிராக ஏறிக் கிளம்பிய இடத்துக்கே திரும்ப இழுவை வேண்டும். அது இல்லாமல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஐம்பது மீட்டர் கீழே சரிந்துகொண்டே போனால், ஒரு மணி நேரத்தில் நீங்கள் இருக்கும் இடம் வேறு.

பூம் சுருங்க மாட்டேன் என்கிறது, மாஸ்ட் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது

சின்னப் பாய் வாங்கிய கையோடு பலர் கண்டுபிடிக்கும் சங்கடம். 3.3, 3.5 பாய்களுக்குப் பூம் 140 சென்டிமீட்டர் அருகே இருக்க வேண்டும். உங்கள் பூமின் குறைந்தபட்ச நீளம் 160 என்றால், பாயின் பின்முனைக்கும் பூம் முனைக்கும் நடுவே இருபது சென்டிமீட்டர் கயிறு தொங்கும். பின்முனை மேலும் கீழும் ஆடும், பாயின் பிடி நிலையாக இருக்காது. ஒரு நாள் சமாளிக்கக் கயிற்றைப் பாயின் கண்ணுக்கும் பூம் முனைக்கும் நடுவே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கடைசிச் சுற்றில் பின்முனையைப் பூமோடு சேர்த்து இறுக்குங்கள். நிரந்தரத் தீர்வு, 140 இல் ஆரம்பிக்கும் அலைக்கான பூம்தான். பாய் வாங்குமுன் பாயின் பூம் அளவையும் உங்கள் பூம் மேல் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

மாஸ்டும் அப்படியே. 4.0 சுற்றிய பாய்களுக்கு 370, அதற்கும் கீழே 340 சென்டிமீட்டர் நீளம். விறைப்பைச் சொல்லும் ஐஎம்சிஎஸ் எண் 400 நீளத்துக்கு 19, 370 க்கு 17, 340 க்கு 15 என்ற அளவில் இருக்கும். தலையில் நீட்டக்கூடிய பட்டை இருக்கும் பாயில் 370 மாஸ்டையே 3.4 க்கும் நுழைக்கலாம், முனை வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தப்பில்லை. ஆனால் 400 மாஸ்டை நுழைத்தால் விறைப்பு அதிகமாகி, பேட்டன்கள் அடுத்த பக்கம் புரள மறுக்கும், மேல்பகுதி திறக்காது. முதல் அறிகுறிக்கே திரும்பிவிடுவீர்கள். விட்டம் குறைந்த மெலிந்த மாஸ்ட் இந்த அளவுகளுக்கு இயல்பான பொருத்தம். சுவர் தடித்திருப்பதால் அலையின் அடியையும் நன்றாகத் தாங்கும்.

சிறுவர்களுக்கான 3.0 பாயைப் பார்த்து, "இதுவும் 3.0 தானே" என்று எடுத்துவிடாதீர்கள். அது லேசான காற்றில் சின்ன உடம்பு பழக வெட்டியது. துணி மெலிசு, பேட்டன் குறைவு, 40 நாட் காற்றில் வடிவமே நிற்காது. அலைக்கான பாயில் எக்ஸ்-பிளை என்கிற இழை கோத்த படலமும், மடிப்பு மடிப்பாகத் தைத்த விளிம்பும் இருக்கும். பேட்டன் நான்கா ஐந்தா என்று கேட்டால், இவ்வளவு சின்ன அளவில் நான்கு போதும் என்பேன். எடை குறைவு, தண்ணீரில் புரட்டுவது சுலபம். வீச்சில் இன்னும் இறுக்கமான உணர்வு வேண்டுமென்பவர்கள் ஐந்தை விரும்புவார்கள்.

ஏதோ ஒன்று உடைந்துவிட்டது

மாஸ்ட் பெரும்பாலும் பூம் பிடிக்கும் இடத்திலோ, இரண்டு துண்டு சேரும் இடத்திலோதான் போகும். சேரும் இடத்தில் மணல் இருந்து முழுக்கப் பொருந்தாமல், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலும் அங்கேதான் வெடிக்கும். துடைத்து, பொருத்தி, திருகிப் பார்த்துவிட்டுப் பாயில் நுழைத்துவிடுங்கள்.

மாஸ்ட் அடியிலிருக்கும் ரப்பர் இணைப்பை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் கீறல் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். நடுத்தண்ணீரில் அது அறுந்தால் பாய் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். அப்படி ஆனால் பலகையை விடாதீர்கள், பலகைதான் மிதவை. டவுன்ஹால் கயிறு கப்பியில் உரசி நைந்த இடம் தெரிந்தால் முனையை வெட்டிவிட்டு மறுமுடிச்சு போடலாம், கயிறே புதிதானால் இன்னும் நல்லது. ஒன்றரை மீட்டர் மாற்றுக் கயிறு ஒன்று ஹார்னஸில் எப்போதும் இருக்கட்டும். எனக்கு அது இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது, ஒரு முறை என் சாமானுக்கே அல்ல.

விழுந்தபின் பாய் கையில் நிற்காமல் புரள்கிறது

35 நாட் காற்றில் தண்ணீரிலிருந்து பின்முனையைத் தூக்கினால் காற்று அதை அப்படியே பிடுங்கித் திருப்பிப் போடும். மாஸ்டை மட்டும் பிடியுங்கள். காற்று வரும் திசைக்கு நீந்தி மாஸ்டை இழுங்கள், விளிம்பு தானாகவே தண்ணீரை விட்டு உரியும். சின்னப் பாயில் இது பெரிய பாயைவிடச் சுலபம், தூக்க வேண்டிய உயரமும் குறைவு. எழும்போது பாயைக் கொஞ்சம் மட்டும் திறந்து வையுங்கள். முழுக்க இழுத்தால் பலகையைத் தாண்டி மறுபக்கம் போய் விழுவீர்கள்.

கரையிலும் இதே காற்றுதான். பாயை மாஸ்ட் காற்றை நோக்கி இருக்கும்படி படுக்கவைத்து, பலகையையோ கனமான ஒன்றையோ மாஸ்டோடு கட்டுங்கள். ஒரு நிமிடம்தானே என்று விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், உருண்டோடும் பாய் வழியில் நிற்பவரின் முழங்காலைத் தேடிப் போகும். தூக்கிப் போகும்போதும் மாஸ்ட்தான் காற்றைப் பார்க்க வேண்டும்.

காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பாயைக் கட்டவே வேண்டாம், பையிலேயே இருக்கட்டும்.